வைகையைப் பார்க்க வந்த சம்பந்தி

மதுரையில் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் போனால் மட்டும் போதாது, ஆறும் வர வேண்டும். மற்ற ஊர்களில் ஆறு இருந்த இடத்தில் இருக்கும். பார்க்கிறவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் காரியம் முடிந்தது. வைகை அப்படியில்லை. மேற்கே மழை பெய்ய வேண்டும், அணை நிறைய வேண்டும், திறக்க உத்தரவு வர வேண்டும். இது மதுரையில் பிறந்த பச்சைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் இன்பசேகரன்.

இன்பசேகரனுக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். கே.கே. நகரில் மாடி வீடு, மனைவி ஆனிமேரி, ஒரே மகன் கிளமெண்ட். அவன் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். இன்பசேகரன் தானுண்டு தன் ஃபைல் உண்டு என்று இருக்கிற சாதுவான மனிதர்தான். ஆனால் மதுரையைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். குறைத்துப் பேசாவிட்டாலும் சில சமயம் வரும்.

போன வருடம் கிளமெண்டுக்கு நிச்சயம் செய்யக் குழித்துறைக்குப் போயிருந்தபோது அதுதான் நடந்தது. பெண்ணின் அப்பா சேவியர்தாஸ் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். சாப்பாடு முடிந்ததும் வந்தவர்களைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப்போய் ஆற்றைக் காட்டினார். இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. தென்னைகள் அதில் முகம் பார்த்துக்கொண்டு நின்றன. "இது எங்க ஆறு" என்றார் சேவியர்தாஸ். அவ்வளவுதான் சொன்னார். அதில் குத்தலும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் இன்பசேகரனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. செல்போனை எடுத்தார். வெள்ளம் வந்த வருடத்தில் ஏ.வி. பாலத்தின் மேல் நின்று எடுத்த வீடியோவைத் தேடிப் போட்டார். செம்மண் நிறத்தில் ஆறு புரண்டு போனது. இது வைகை, நாலு ஆள் ஆழம் என்றார். கல்யாணப்பெண் டயானா எட்டிப் பார்த்துக் கண்ணை விரித்தாள். இது வீட்டுக்குப் பக்கமா என்று கேட்டாள். வண்டியில் பத்து நிமிஷம் என்று இன்பசேகரன் சொன்னார்.

பத்து நிமிஷம் என்பது மெய். அந்த வெள்ளம் மூன்று நாள்தான் இருந்தது என்பதும் மெய். முதல் மெய்யைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. வந்த மூன்றாம் நாள் டயானா கிளமெண்டோடு பைக்கில் போய் வைகையைப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது சிரிப்பை அடக்க முடியாமல், "மாமா, உங்க ஆத்துல எருமை மேயுது. நடுவுல ஒரு கார் நிக்குது. அதக் கழுவ ஒரு ஆளு வெளிய இருந்து குடத்துல தண்ணி கொண்டு வாராரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக இன்பசேகரன் சிரித்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு செரிக்கவில்லை.

பிறகு அந்தச் சிரிப்பும் குறைந்தது. டயானா நர்ஸ் வேலைக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனி வெயிலில் மசக்கை வந்து படுத்தபோது, தண்ணி லாரிக்குக் குடம் வரிசையில் வைக்கிற சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். அவள் தம்பி போனில் ஆற்றங்கரைப் படங்களை அனுப்புவான். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மதுரைப் பேச்சில் ஒரு சொல்கூட அவள் நாக்கில் ஏறவில்லை. எட்டு மாதம் விருந்தாளியாகவே வீட்டில் இருந்தாள்.

அவளுக்கு வயிற்றில் ஆறாம் மாதம் நடக்கும்போது ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன இன்பசேகரனின் காதில் அது விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று டயானா கிளமெண்டிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பிரசவத்துக்குப் போனா நான் அங்கனேயே நின்னுக்கலாம்னு இருக்கேன். மார்த்தாண்டத்துல எனக்கும் வேலை உண்டு, உங்களுக்கும் உண்டு. இங்க எனக்கு மூச்சு முட்டுது." கிளமெண்ட் பதில் சொல்லவில்லை. மகனின் அந்த மௌனம்தான் இன்பசேகரனை உலுக்கிவிட்டது. துணியை எடுக்காமலேயே இறங்கி வந்தார்.

ஆனிமேரியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அவள் அழுதால் தானும் அழ வேண்டிவரும். தனியாகவே போட்டுக் குழப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டிலிருந்து கிடைத்த முதல் வாக்கே வைகைதான், அதுவே பொய்யாகப் போனால் மற்றதை எப்படி நம்புவாள் என்று தோன்றியது. ஒரே ஒரு தடவை தண்ணீரோடு வைகையைப் பார்த்துவிட்டாளென்றால் போதும், மனசு மாறிவிடும் என்று நம்பினார். ஆறு ஓடினால் மருமகள் எப்படி நிற்பாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இல்லை. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கார்த்திகை பிறக்கும்போது தேனிப் பக்கம் நல்ல மழை. மதுரையில் வெறும் தூறல்தான். ஏழாம் மாத வளைகாப்பு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. சாமியார் வந்து ஜெபம் சொல்லி, வளையல் போட்டு, மறுநாள் சனிக்கிழமை சேவியர்தாஸ் மகளைக் காரில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. அந்த வாரமே அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. இன்பசேகரன் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வளைகாப்புச் சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தியிடம், நாளைக் காலை ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சேவியர்தாஸ் சிரித்துக்கொண்டே சரி என்றார். பன்னிரண்டு மணிக்குள் புறப்பட வேண்டும், வயிற்றுப்பிள்ளைக்காரியை விளக்கு வைத்த பிறகு வாசலில் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சோழவந்தானிலிருந்து மருது போன் செய்தான். ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற பழைய சிநேகிதன். தண்ணீர் அங்கே தாண்டிவிட்டது என்றான். வெள்ளம் வந்த வருடத்தில் சோழவந்தானிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரத்தில் வந்தது இன்பசேகரனுக்கு மனப்பாடம். கூட ஒரு மணி நேரம் போட்டு, ஒன்பது மணிக்கு வந்துவிடும் என்று வீட்டில் அறிவித்தார். மணி அடித்தால் வகுப்பு தொடங்குகிற இடத்தில் முப்பது வருடம் இருந்தவர். ஆறும் மணியடித்தால் வரும் என்று நினைத்துவிட்டார்.

எட்டே முக்காலுக்கு எல்லாரும் கல்பாலத்தில் இருந்தார்கள். டிக்கியில் பெட்டிகளோடு சேவியர்தாஸின் கார் ஓரமாக நின்றது. ஆற்றுக்குள் நாணலும் சீமைக்கருவேலமும், அங்கங்கே தேங்கிய கறுப்புத் தண்ணீரும். பாலத்தில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருந்தது. ஆட்டோக்காரர்கள், பூக்காரப் பெண்கள், திருமங்கலத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பம், எல்லாரும் மேற்கே ரயில் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாலத்து முனையில் டீக்கடை வைத்திருக்கிற பக்கீர் முகமது, டயானாவின் வயிற்றைப் பார்த்ததும் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

ஒன்பது ஆனது. பத்து ஆனது. பத்தே முக்காலும் ஆனது. ஆனிமேரி குடை பிடித்தாள். கை வலித்தபோது கிளமெண்ட் பிடித்தான். மருதுவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. இன்பசேகரன் நாலாவது டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கீர் முகமதுவுக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணே, மொதத் தண்ணி நமக்கு வாரதில்ல. காஞ்சு கெடக்குற மணல் குடிச்சுரும். அது வயிறு ரொம்புன பெறகுதான் நம்ம பக்கம் எட்டிப் பாக்கும். வெள்ளத்து வருசத்து கணக்கெல்லாம் இதுக்கு ஆகாது" என்றார் அவர்.

இன்பசேகரனுக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. ஐம்பத்தெட்டு வருடம் இந்த ஆற்றோடு இருந்தும், மணலுக்கும் தாகம் உண்டென்பதை யோசிக்கவில்லை.

பதினொன்றரைக்கு சேவியர்தாஸ் வாட்சைப் பார்த்தார். பரவாயில்லை, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் இன்பசேகரனால் தாங்க முடியாததாக இருந்தது. டீ கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நேரே டயானாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"நீ கிளமெண்டுகிட்டப் பேசுனது என் காதுல விழுந்துச்சும்மா. எனக்குக் கோவமில்ல. உனக்கு எங்க நல்லா இருக்கோ அங்க இரு. அன்னைக்கு நான் காட்டுன வீடியோ மூணு நாள் வெள்ளத்துல எடுத்தது. மத்த நாளெல்லாம் இந்த லட்சணந்தான். அத அன்னைக்கே சொல்லிருக்கணும், சொல்லல. ஏமாத்திக் கூட்டிட்டு வந்தாகன்னு மட்டும் நெனச்சுக்கிட்டுப் போயிராத."

ஆனிமேரி திகைத்துப்போய்ப் புருஷனைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். கிளமெண்ட் குடையைப் பார்த்தான். டயானா தலையைக் குனிந்துகொண்டாள். புது வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். பிறகு சேவியர்தாஸ் பக்கம் திரும்பி, "அப்பா, இன்னும் அரை மணிக்கூறு" என்றாள்.

அரை மணி நேரம் அந்த இடத்தில் சும்மா நிற்க இன்பசேகரனால் முடியவில்லை. பாலத்துக்குக் கீழே பார்த்தார். தண்ணீர் வர வேண்டிய வழியில், நட்டநடுவே, யாரோ தூக்கிப்போட்ட பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. சுற்றிலும் பாட்டில், ஒற்றைச் செருப்பு, தெர்மோகோல், காலாவதியான காலண்டர். வீட்டுக்கு ஆள் வருகிற நேரத்தில் கூடத்தில் குப்பை கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. படிக்கட்டு வழியாக விறுவிறுவென்று இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்.

பாலத்தின் மேல் சிலர் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். இன்பசேகரன் யாரையும் பார்க்கவில்லை. பாட்டில்களை எடுத்துக் கரைக்கு எறிந்தார். செருப்பை எறிந்தார். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. பழைய மழைத் தண்ணீரைக் குடித்து எருமைக் கனம் கனத்தது. இரண்டாம் தடவை இழுத்தபோது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் எதிர் முனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேவியர்தாஸ் நிற்கிறார்.

"சம்மந்தி, நீங்க ஏன் இறங்குனீக" என்று பதறினார் இன்பசேகரன்.

"பிடிங்க. ஒத்தையில இழுத்தா இடுப்பு போயிரும்லா" என்றார் சேவியர்தாஸ்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். நாலடி நகர்ந்ததும் மூச்சு வாங்க நின்றார்கள். அப்போது சேவியர்தாஸ் சாதாரணமாக, கடையில் ஆணி விலை சொல்கிற மாதிரி ஒரு விஷயம் சொன்னார். வீடியோ மூன்று நாள் வெள்ளத்தில் எடுத்தது என்பது தங்களுக்கு முன்பே தெரியும், நிச்சயத்தன்று ராத்திரியே டயானாவின் தம்பி போனில் தேடிப் பார்த்து வறண்ட வைகையைக் காட்டிவிட்டான் என்றார்.

இன்பசேகரனுக்கு முகம் சுண்டிப்போனது. "தெரிஞ்சுமா பொண்ணு குடுத்தீக?"

"மவன் வேண்டாம்னு சொன்னான். நான்தான் சொன்னேன், ஒரு ஆத்த விட்டுக்கொடுக்காம இவ்வளவு பொய் சொல்லுக மனுசன், வீட்டுக்கு வந்த பிள்ளைய விட்டுக்கொடுக்க மாட்டாருன்னு" என்றார் சேவியர்தாஸ். "இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன். போற இடத்துல இருந்துக்கன்னு எந்த மாமனார் சொல்லுவாரு. இழுங்க."

இன்பசேகரன் இழுத்தார். கண்ணில் என்னமோ விழுந்தமாதிரி இருந்தது. அழுக்குக் கையால் துடைக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் பாலத்தின் மேலிருந்து முதலில் பக்கீர் முகமதுவின் குரல், பிறகு பல குரல்கள். தண்ணீர் வந்துவிட்டது, மேலே ஏறுங்கள் என்று கத்தினார்கள். இருவரும் மேற்கே திரும்பினார்கள்.

பெரிதாக ஒன்றும் இல்லை. கொக்குகள்தான் முதலில் கிளம்பி வந்தன. அவற்றுக்குப் பின்னால் தரையோடு தரையாக, பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி நின்று, அது நிறைந்ததும் அடுத்த பள்ளத்துக்குப் போய், கல்லைச் சுற்றி, நாணலைத் தடவி, வழி விசாரித்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரனைப் போல வந்தது. இரண்டு சம்பந்திகளும் மெத்தையை விடவில்லை. கடைசி மூச்சாக இழுத்துக் கரையில் போட்டபோது தண்ணீர் அவர்கள் கணுக்காலை எட்டிவிட்டது. பாலத்தின் மேல் கைதட்டினார்கள். பூக்காரப் பெண் கூடையிலிருந்து ஒரு பிடி செவ்வந்தியை அள்ளிப் போட்டாள். சிலர் கும்பிட்டார்கள். ஆனிமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இன்பசேகரன் நிமிர்ந்து பார்த்தார். மருமகளுக்குப் பக்கத்தில் பேன்ட் சட்டை மடிப்புக் கலையாமல் நின்று, கையை நீட்டி, இதுதான் எங்கள் வைகை என்று சொல்ல வேண்டும் என ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். இப்போது சேறும் சகதியுமாக நின்றார். வந்த தண்ணீரும் பாட்டிலும் பையும் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தது. ஒரு மெத்தையை இழுத்து என்ன ஆகப்போகிறது என்று மனசு விட்டுப்போனது.

டயானா நாற்காலியில் இல்லை. கிளமெண்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். "மக்களே, வழுக்கும், வராத" என்று மகளைப் பார்த்துச் சொன்னார் சேவியர்தாஸ். அவள் கேட்கவில்லை. கடைசிப் படியில் நின்று செருப்பைக் கழற்றி, ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்தாள். தண்ணீர் அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஊருல ஆறு பொறவாசல்லயே கெடக்கு மாமா" என்றாள், தலையைத் தூக்காமல். "இருபத்தாறு வயசு ஆச்சு. அதப் பாக்கணும்னு ஒருநாளும் நான் போயி நின்னதில்ல. யாரும் நின்னதில்ல. இங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்து நிக்காவ."

இன்பசேகரன் கையிலிருந்த சேற்றைப் பேன்ட்டில் துடைத்தார். வெயிலாக இருக்கிறது, போம்மா, அப்பாவுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

மணி பன்னிரண்டேகால். எல்லாரும் மேலே ஏறினார்கள். சேவியர்தாஸ் டீக்கடைக் குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டார். ஆனிமேரி எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் மருமகள் மடியில் வைத்து, கன்னத்தைத் தடவிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளமெண்ட் திருமங்கலம் வரை கூடப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறினான். இன்பசேகரன் சேறு ஒட்டிவிடக் கூடாது என்று காரைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றார். போய்விட்டு வருகிறேன் என்று டயானா சொல்வாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பட்டது. வண்டி கிளம்பியது. அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

இருபதடி போய்க் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. டயானா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். இன்பசேகரன் ஓடினார்.

"மாமா, சித்திரையில அழகர் எறங்குறப்ப தண்ணி விடுவாங்கல்ல?"

"விடுவாங்கம்மா. நிச்சயமா விடுவாங்க."

"அப்பம் பிள்ளைக்கு மூணு மாசம் முடிஞ்சிருக்கும். எத்தன மணிக்கு வரும்னு மட்டும் அந்த டீக்கடைக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நீங்க கணக்குப் போடாதீய. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் நான் வெயில்ல நிக்க மாட்டேன்."

இன்பசேகரன் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கார் பெரியார் பஸ் நிலையத்துப் பக்கமாகத் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது பக்கீர் முகமது தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஆனிமேரிக்கும் சேர்த்து இரண்டு டீ போட்டுக் கொடுத்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் இப்போது முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது.

"மருமக என்னண்ணே சொல்லுது?" என்று கேட்டார் பக்கீர் முகமது.

இன்பசேகரன் ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சொன்னார்.

"சித்திரைக்கு வாராளாம்ணே. பிள்ளையத் தூக்கிட்டு வாராளாம்."